நாற்பது தப்படி

இரவு ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வீடு திரும்புகிறவன் நான். வைகாசியில் கோடை மழை பெய்த மறுநாள் என்றால் வண்டி தானாகப் பூண்டி ஏரிக்கரைக்குத் திரும்பிவிடும்.

கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-இல் கட்டி முடித்த அணை. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்காமலே முந்தின ஆண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். 3231 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி, கோடையில் நடுவே சுருங்கி, சுற்றிலும் சேறும் வெடிப்புமாகக் கிடக்கும். வலசை வந்த உள்ளான்கள் பெரும்பாலும் வடக்கே போயிருக்கும். மிச்சமிருப்பவை நம் ஊர்ப் பறவைகள்: சிவந்த நெட்டைக் கால்களைச் சேற்றிலிருந்து உருவி உருவி நடக்கும் நெடுங்கால் உள்ளான், அப்புறம் ஆள்காட்டி.

போன மாதம் ஒரு ஆள்காட்டிக் கூட்டை ஏறக்குறைய மிதித்திருப்பேன்.

"தள்ளி வா தம்பி, ஆக்காட்டி அடையில இருக்கு" என்று ஆடு மேய்க்கும் அம்மா கத்தினார். கூடு என்று ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு பள்ளம், ஓரத்தில் சில கூழாங்கற்கள், கூர்முனை உள்பக்கமாக நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கருந்திட்டுகள்; கண்ணை எடுத்தால் மறுபடி தேட வேண்டும். அந்த அம்மா தன் ஆடுகளைச் சுற்றி ஓட்டிப் போனார்.

வெயில் கொளுத்திய நாட்களில் அந்தப் பறவை தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சூடு தணிக்கத்தான். பிறகு மழை வந்தது. முதுகில் துளிகள் உருள, சிவந்த மூக்குச் சதையில் நீர் சொட்ட, அசையாமல் இருந்தது.

குஞ்சு பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரம். முட்டையிலிருந்து தண்ணீர் ஓரம் முதலில் நாற்பது தப்படி தள்ளி இருந்தது. இரண்டு மழைக்குப் பிறகு பதினெட்டு.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது குடத்தோடு லாரிக்கு நின்றவன் நான். மழையே வா என்று அழாத குறை. இன்று அதே வானத்தைப் பார்த்து, இன்னும் பத்து நாள் பொறு என்கிறேன். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் கடந்து இந்த ஏரிக்கு வரும் கிருஷ்ணா நீரையும் இப்போதே திறந்துவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஊருக்கும் தண்ணீர் வேண்டும். அந்த நான்கும் பொரிய வேண்டும். இரண்டையும் மனதார வேண்டுகிறேன்.

நேற்று இரவு முழுக்கத் தொழிற்சாலைத் தகரக் கூரையில் மழை. காலையில் போய் அளந்தேன். பதினோரு தப்படி. ஆள்காட்டி எழுந்திருக்கவில்லை.