மூன்று இடத்தில் நின்றேன்

“டி.எம்.டி. ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்” என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததிலிருந்து நான்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. டிரெட்மில் மெஷினில் ஓடும்போதே இதயம் நின்றுபோனால்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு நாள் முழுக்கக் கையில் புரளும். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் வயிறு கலங்கும். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, வாயுப்பிடிப்பு என்று ஓடிப்போய் சோடா வாங்கிவந்தவன் நான். அப்பா பிழைக்கவில்லை.

எனக்கு வந்தது புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கப் படியேறிக்கொண்டிருந்தோம். பாதியில் நடுநெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி ஓர் அழுத்தம். நின்றால் விட்டது, ஏறினால் பிடித்தது. ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிறதா என்று பார்க்கிற சாக்கில் நின்று நின்று ஏறினேன். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. டாக்டரிடமும் “லேசா இரைக்குது” என்றதோடு சரி.

ராஜபாளையத்தில்தான் டெஸ்ட். நெஞ்சு முடியைச் சிரைத்து, ஸ்பிரிட் தேய்த்து, பத்து இடத்தில் பட்டன் போல ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் சில்லென்று இருந்தது. சம்மதக் கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கி, என் பெயரே கோணலாக வந்தது.

“பயப்படாதீங்க அண்ணாச்சி, டாக்டர் கூடவே நிப்பாரு” என்றான் டெஸ்ட் எடுக்கிற பையன். “3 நிமிஷத்துக்கு ஒருக்க மேடும் வேகமும் கூடும். 220-ல உங்க வயசு 52-ஐக் கழிச்சா 168. அதுல 85 சதவீதம், 143 துடிப்பு வரணும். நெஞ்சு வலிச்சா உடனே சொல்லிரணும்.”

இது 1963-இல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் வெளியிட்ட முறை என்று பிறகு படித்தேன். அதற்கு முன்பெல்லாம் நோயாளியை இரண்டு படியில் ஏறி இறங்கச் சொல்லித்தான் இதயத்தைப் பார்த்தார்களாம். அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. மலைப்படி அன்றைக்கே எனக்கு டெஸ்ட் எடுத்து முடித்திருக்கிறது. ரிசல்ட்டை மறைத்தவன் நான்தான்.

இரண்டாவது கட்டம் முடிகிற நேரம், அதே அம்மிக்கல். கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

“கம்பில சாயாதீங்க, சும்மா தொட்டுக்கிட்டு நடங்க. வலிக்குதா அண்ணாச்சி?”

“இல்ல தம்பி.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பரீட்சை எழுதுகிற பிள்ளை போல எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று இருந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த சோடா பாட்டில் நினைவுக்கு வந்தது.

“வலிக்குது சார். புரட்டாசியில இருந்தே வலிக்குது.”

மெஷினை மெதுவாக்கி நிறுத்தினார்கள். படுக்கவைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கல் இறங்கியது. “இதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்களை நடக்க விட்டோம்” என்று தோளைத் தட்டினார் டாக்டர். மதுரைக்குப் போய் ஆஞ்சியோ பார்க்கச் சொல்லி எழுதினார். நான்கு நாளாக இருந்த நடுக்கம் அப்போது இல்லை.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மலையில் நடந்ததைச் சொன்னேன்.

“மூணு இடத்துல நின்னீங்க” என்றாள். “நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”