பட்டறைக்கு முன் வரும் மழை

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், இரூர், பாடாலூர் பக்கத்துச் சின்ன வெங்காய வயல்களையும், அவற்றின் ஓரமாக நிற்கும், வெங்காயத்தை இருப்பு வைக்கும் பட்டறைகளையும் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. இந்தப் பயிருக்கு மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட, நட்ட எத்தனையாவது நாளில் பெய்தது என்பதே கணக்கு. விதை வெங்காயம் ஊன்றி 65, 70 நாளில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர் இது. வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே படரும். அதனால் காய்ச்சலும் சீக்கிரம் உறைக்கும், நீர்த்தேக்கமும் சீக்கிரம் உறைக்கும். நெல்லைப் போல நாள் கணக்கில் தண்ணீரில் நின்று மீளும் தெம்பு இதற்கு இல்லை.

இளம்பயிரில் வறட்டு வெயில் நீடித்தால் இலைப்பேன் பெருகும். அப்போது பெய்யும் ஒரு நல்ல மழை பூச்சியைக் கழுவிவிடும். அதே மழை காய் திரளும் பருவத்தில் விட்டுவிட்டு வந்து, வானமும் மூடாக்காக நின்றால் கதை மாறுகிறது. தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோய், ஊதா நிற இலைப்புள்ளி, அடித்தாள் அழுகல் எல்லாம் அந்த ஈரத்தில்தான் பரவுகின்றன. இந்தப் பகுதியின் கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; கோடையில் வரமாக இருக்கும் அந்தக் குணமே ஐப்பசியில் வடிகால் இல்லாத வயலுக்குச் சாபமாகிறது. எல்லாவற்றிலும் கொடியது பிடுங்கிய பிறகு வரும் மழை. தாளும் காயும் சேரும் கழுத்து காய்ந்து மூடினால்தான் வெங்காயம் நிற்கும். ஈரக் கழுத்து அழுகலுக்குத் திறந்த கதவு.

அந்தக் கழுத்தைப் பிடித்துப் பார்த்தே ‘இது இருப்புக்கு ஆகும், இது ஆகாது’ என்று பிரிப்பவர்கள், தாள் அரியும் பெண்கள். வேளாண்மை பற்றிய பேச்சில் இந்தக் கைத்திறன் ‘கூலி வேலை’ என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுவது எனக்கு ஏற்பில்லை. குவியலில் ஈரக்காய் கலந்துவிட்டால் பக்கத்தில் உள்ளவையும் கெடும். பட்டறையின் ஆயுள் அவர்கள் விரலில் இருக்கிறது. பட்டறை கட்டுவதும் அப்படி ஒரு கைத்திறன்தான். தரையில் படாமல் கல்லும் கட்டையும் கொடுத்து உயர்த்தி, பக்கங்களில் இடைவெளி விட்டுப் படல் அடைத்து, காற்று குறுக்கே புகுந்து போகும்படி அகலத்தைக் குறுக்கி, மேலே ஓலை வேய்கிறார்கள்.

குளிர்பதனக் கிடங்கு இருந்தால் இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெங்காயம் ஒன்று உறைநிலையை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும், அல்லது 25 முதல் 30 டிகிரியில் காற்றோட்டமாக இருக்க வேண்டும். இடைப்பட்ட குளிர்ச்சியில்தான் சீக்கிரம் முளைவிடும். ஓலைப்பட்டறை இரண்டாவது வழியை மின்கட்டணம் இல்லாமல் செய்கிறது. நோய்க்கு விவசாயிதான் காரணம், ஒரே வயலில் திரும்பத் திரும்ப வெங்காயமே போட்டு, நோய்பட்ட காயையே விதைக்கும் வைக்கிறார் என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது; பயிர் மாற்றமும், டிரைக்கோடெர்மா பூஞ்சை கொண்டு விதை நேர்த்தியும், மேட்டுப்பாத்தியும் சேதத்தைக் குறைக்கும். ஆனால் அறுத்துப் போட்ட காயின் மேல் விழும் மழையை எந்த விதை நேர்த்தியும் தடுக்காது. விலைதான் நஷ்டத்துக்கு வேர், வானிலை அல்ல என்பாரும் உண்டு. 2023 டிசம்பரில் ஏற்றுமதித் தடை வந்ததை நானும் மறக்கவில்லை. ஆயினும் விலை ஏறும்வரை காத்திருக்க முடிவது காய்ந்த சரக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே. நனைந்த சரக்கு வைத்திருப்பவர் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். விலை விஷயத்திலும் மழை நாள்தான் அவருடைய பேரம் பேசும் பலத்தைத் தீர்மானிக்கிறது.

பயிர்க் காப்பீட்டின் கணக்கு இந்த நாள் கணக்கோடு பொருந்தவில்லை. இழப்பீடு பெரும்பாலும் பல ஊர்கள் சேர்ந்த பிர்காவின் சராசரி மகசூலை வைத்துத் தீர்மானமாகிறது. இருபது நாள் இடைவெளியில் நட்ட இரண்டு பக்கத்து வயல்களில் ஒரே மழை ஒன்றை வாழவைத்து மற்றொன்றை அழிக்கும். சராசரியில் இரண்டும் கரைந்துபோகும். நடவுத் தேதியைப் பதிவு செய்து, அந்தத் தேதியோடு மழையை ஒப்பிட்டு இழப்பை மதிப்பிட வேண்டும். நெல்லுக்குக் களம் கட்டிய அரசு, வெங்காயம் உலர்த்தக் கூரை போட்ட களங்களையும் இந்த ஊர்களில் கட்டித் தர வேண்டும்.