எழுபது வளைவும் ஒரு மேஜர் ஜெனரலும்

காரவள்ளியில் அந்த இரண்டாவது போண்டாவைத் தின்றிருக்கக் கூடாது. அங்கிருந்து கொல்லிமலைக்கு மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று நம்பர் போட்ட பலகை. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பைக்கின் பின் ஸீட்டில், வயிற்றில் போண்டாவோடு உட்கார்ந்திருப்பவனுக்கு 'இன்னும் 61 பாக்கி' என்று யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது சார்.

ஓட்டியது நண்பன். பாங்க்கில் விவசாயக் கடன் பார்ப்பவன். ஒன்பதாவது வளைவில் தலையைத் திருப்பிக் கேட்டான் (திருப்பாதே என்று கத்தினேன்).

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவியா மாப்ளே?"

விஷயம் இதுதான். மலைக்குக் கீழே, சேந்தமங்கலம் பக்கம் எங்களுக்கு 82 சென்ட் நிலம். தாத்தா சோளம் போட்டார். அப்பா மரவள்ளி போட்டார். நான் பி.காம். முடித்துவிட்டு ஒன்றும் போடவில்லை. ரொம்ப நாளாகத் தாத்தா பேரிலேயே கிடந்த பட்டா, இப்போதுதான் அண்ணன்கள் இரண்டு பேர், நான் என்று மூன்று பேர் பேருக்கு மாறியிருக்கிறது. மாறின கையோடு விற்றுவிடலாம் என்பது அண்ணன்களின் தீர்மானம். மறுநாள் பத்து மணிக்குப் பத்திரப் பதிவு. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல்தான் மலை ஏறினோம்.

57-வது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். காரணம் போண்டா. ஆனால் ஓரமாக நின்று கீழே பார்த்ததும் அது மறந்து போயிற்று. மொத்தச் சமவெளியும் கட்டம் கட்டமாகக் கிடந்தது. பச்சைக் கட்டம், செம்மண் கட்டம், நடுவே தென்னை வைத்த கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வே நம்பர். அதில் ஏதோ ஒன்று எங்களுடையது.

"இதை எல்லாம் யாருடா முதல்ல அளந்திருப்பான்?"

"பட்டாளத்துக்காரங்க."

நம்பவில்லை. அதனால் பாறையில் உட்கார்ந்து சர் தாமஸ் மன்றோவின் சர்வீஸ் ரெஜிஸ்டரைத் திறக்க வேண்டியதாயிற்று.

சென்னை அண்ணா சாலையில், தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரர். சாண்ட்ரே என்ற சிற்பி வார்த்த வெங்கலம், 1839-ல் வைத்தது. அங்கவடியை மறந்த சிற்பி என்று அந்தக் காலத்திலிருந்தே கிண்டல். அந்த ஆசாமிதான்.

1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. பையன் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தான். ஆம், நம்ம ஜாதி! பேரேடு, நாள்வழி எல்லாம் தெரிந்தவன். அமெரிக்காவில் சுதந்திரப் போர் வந்தது, புகையிலை வியாபாரம் படுத்தது, அப்பா நொடித்துப் போனார். பையன் கம்பெனிப் பட்டாளத்தில் கேடட்டாகச் சேர்ந்து, 1780-ல் சென்னையில் வந்து இறங்கினான். அதே வருஷம் ஹைதர் அலி படையெடுத்து வந்துவிட்டார். ஜாயினிங் டைம் கூடக் கொடுக்கவில்லை!

சம்பளம் சொற்பம். அக்கா தங்கைகள் இவரை ஊரில் நவாப் மாதிரி இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். உண்மையை விளக்கி ஒரு கடிதம் எழுதினார். படுக்கை, குச்சிகளில் இழுத்துக் கட்டிய கித்தான். தலையணை, ஒரு புஸ்தகம் அல்லது தோட்டாப் பை. குளிர்காலத்தில் கோட்டின் கைகளுக்குள் காலை விட்டுக்கொண்டு, மீதியைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இதைவிட வசதி உண்டு.

பணம் இல்லாதவன் மொழி படித்தான். ஹிந்துஸ்தானி, பாரசீகம். அதுதான் பிழைக்க வைத்தது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகம் பண்ண ஆள் வேண்டும். சென்னையில் இருந்த சிவிலியன் துரைகளுக்கு உள்ளூர் பாஷை வராது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், காப்டன் அலெக்ஸாண்டர் ரீடைப் பிடித்துப் போட்டார். அவருக்கு உதவியாகச் சில பட்டாளத்து ஆட்கள். தர்மபுரிப் பக்கம் மன்றோ. நம் சேலம் பக்கம் மெக்லியாட்.

"அப்ப மன்றோ என்ன ராங்க்?" என்றான் நண்பன்.

"பன்னிரண்டு வருஷ சர்வீஸ். லெஃப்டினென்ட்."

"ப்ரமோஷனே இல்லையா? பாவம்டா" என்றான். அவனுக்கும் ஏதோ பாக்கி இருக்கிறது.

இந்தக் கோஷ்டி செய்த காரியம், நிலத்தை அளந்து, உழுகிறவன் பேரில் கணக்கு எழுதி, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் நேராக அவனிடம் வரி வாங்கியது. ரயத்துவாரி. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்தோமே, அது பிறந்த இடம் இந்தச் சேலம் சீமைதான். ஏழு வருஷம் கூடாரத்தில் ஊர் ஊராகத் திரிந்தார் மன்றோ. தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டார். 1799-ல் கன்னடச் சீமைக்கு டிரான்ஸ்ஃபர் வந்தபோது அதை விட்டுப் போக மனசே இல்லை.

அடுத்தது பெல்லாரி, கடப்பா பகுதி. அங்கே ஏக்கர் கணக்கு 33 அடிச் சங்கிலியால். 33-ஐ 33-ஆல் பெருக்குங்கள், 1,089. அதை நாற்பதால் பெருக்கினால் 43,560 சதுர அடி. சரியாக ஒரு ஏக்கர்! கால்குலேட்டர் இல்லாத காலத்தில் ஒரு கணக்குப்பிள்ளைக்கு இதைவிட அழகான எண் கிடையாது. நான் பாறையில் உட்கார்ந்து மனசுக்குள் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் மனிதரைச் சாமியாக்கிச் சூடம் கொளுத்த வேண்டாம். கம்பெனிக்கு வசூல் பண்ண வந்தவர். வரி கடுமை. அது அவருக்கே தெரிந்திருந்தது. 1807-ல் லீவில் ஊருக்குப் போகுமுன், நிலவரியில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மேலிடம் கேட்கவில்லை. இடையில் மராட்டியப் போர், கையில் கொஞ்சம் படை, வரி வசூல் சேவகர்களையே சேர்த்துக்கொண்டு கோட்டை கோட்டையாகப் பிடித்தார். 1819-ல் மேஜர் ஜெனரல். 1820-ல் சென்னை கவர்னர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது. பதிமூன்று வருஷம் பெண்டிங். ஆபீஸில் உங்கள் நோட் மூன்று மாதமாக மேஜையில் கிடக்கிறதென்று வருத்தப்படாதீர்கள்.

ஊருக்குத் திரும்ப இருந்தவர், பழைய ஜில்லாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனார். பத்திகொண்டாவில் காலரா. 1827 ஜூலை 6. அன்றே போய்விட்டார்.

நண்பன் எழுந்து பான்ட்டைத் தட்டினான். "இவ்வளவும் எதுக்குடா, ஒரு பட்டாவுக்கா?"

மீதி 13 வளைவு ஏறினோம். மேலே குளிர். சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி, பலா, மலைவாழை. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் என்றார்கள். பார்த்த வரை போதும் என்று அறப்பளீஸ்வரரை மட்டும் கும்பிட்டுக்கொண்டோம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை. இந்த மலையை ஆண்ட கடையேழு வள்ளல்களில் ஒருவர். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தவரிடம் ஜமாபந்தி நடந்திருக்காது.

சந்தையில் ஒரு பெரியவரிடம் மிளகு வாங்கினோம். பேச்சுவாக்கில் பட்டா இருக்கிறதா என்று நண்பன் கேட்டான். தொழில் புத்தி.

"இருக்குது சாமி. பொட்டில பத்திரமா வெச்சிருக்கேன்."

"உங்க தாத்தா காலத்துல?"

"அப்ப ஏதுங்க காயிதம்? ஏர் போன எடம் நெலம். போகாத எடம் காடு. எது யாருதுன்னு எல்லார்த்துக்கும் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "இப்பக் காயிதம் இருக்குது. அதனால யாரும் வந்து எந்திரிங்கறதில்ல."

இதைச் சொல்லிவிட்டு மிளகுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டார். கொடுத்தோம்.

ரீடும் மெக்லியாடும் போன பிறகு, 1800-களின் தொடக்கத்தில் சேலம் சீமையை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்ட கதையை இறங்கும்போது சொன்னேன். ஊரில் 'மிட்டாதார் வீடு' என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த மிட்டா. கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் திவாலாகி, பழையபடி ரயத்துவாரிக்கே வந்தது. உழுகிறவன் பேர் கணக்கிலிருந்து அழிந்து, மறுபடி ஏறியது. எங்கள் 82 சென்ட்டில் அப்போது யார் பேர் இருந்ததோ. எனக்குத் தெரிந்து தாத்தா பேர். இப்போது என் பேர். நாளை காலை பத்து மணி வரை.

30-வது வளைவில் போனுக்கு சிக்னல் வந்தது. கூடவே பெரியண்ணன்.

"எங்கடா இருக்கே? ஆதார் கார்டு மறந்துடாதே. ரெண்டு போட்டோ."

"சரிண்ணா."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மலை இறங்கறேண்ணா, காது அடைக்குது."

அடிவாரம் வரும்போது இருட்டிவிட்டது. காரவள்ளியில் டீ வேண்டாம் என்றேன். நேராக நிலத்துக்கு விடச் சொன்னேன். நண்பன் எதுவும் கேட்கவில்லை. பைக்கை வரப்போரம் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டான். சர்வே கல் நட்டதெல்லாம் மன்றோவுக்கு ரொம்பப் பிற்பாடு வந்தவர்கள். அப்பா சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு கல்லையும் சுற்றிக் காட்டியிருக்கிறார். வடகிழக்குக் கல் கிடைத்தது. தென்கிழக்கு கிடைத்தது. தென்மேற்குக் கல் மேல் ஒரு ஓணான்.

நாலாவது கல்லைக் காணோம். பத்து நிமிஷம் தேடிய பிறகு, பக்கத்துக்காரர் மரவள்ளிக்குள், எங்கள் வரப்பிலிருந்து எட்டடி தள்ளி இருந்தது.

"நாளைக்கு ரிஜிஸ்ட்ரேஷன் அவ்வளவுதான்" என்றான் நண்பன்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.