முதல்ல கால் எட்டணும்லா!

நம்ம ஊர்ல யாராவது வண்டி எடுக்கப் போறேன்னு வாயைத் திறந்தா போதும், ஆளுக்கொரு கம்பெனி பேரோட வந்துருவாங்க. போன வருஷம் என் தங்கச்சிக்கு ஸ்கூட்டர் வாங்கலாம்னு பேச்சு எடுத்ததும் எங்க வீட்டிலயும் அதே கூத்துதான். "ஆக்டிவா எடு, வித்தா விலை நிக்கும்"னு வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளை போன்ல சொன்னார். பெரியப்பாவுக்கு டிவிஎஸ்சை விட்டா உலகத்துல வேற வண்டியே கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் "அக்சஸ் தான் பிக்கப்பு"ன்னான்.

இதுல ஒருத்தர்கூட ஓட்டப்போற ஆள் கிட்ட எதுவும் கேக்கலை. ஆளோட உயரம் நாலடி ஒன்பது அங்குலம். அதாவது 145 செ.மீ.

ஏற்கனவே வீட்ல ஒரு வண்டி இருந்தது. மாப்பிள்ளை லீவுல வந்தப்போ ஆசையா எடுத்துக் கொடுத்தது. கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல குத்தம் இல்லை. பத்து நாள் நல்லாத்தான் ஓட்டினா. பதினோராவது நாள் ஒரு வேகத்தடைக்கு முன்னாடி நிப்பாட்டி காலை ஊன்றப் போனப்போ தரை கிடைக்கலை. வண்டியோட சாய்ஞ்சுட்டா. முழங்கையில சிராய்ப்போட போச்சு. ஆனா அதுக்கப்புறம் மூணு வருஷம் அந்த வண்டி முற்றத்துல துணி காயப்போடத்தான் உதவிச்சு.

"எனக்கு வண்டி ஓட்ட வராதுண்ணே, விட்டுருங்க" என்பாள். மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர். டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட் கிடையாதுதான். ஆனா பஸ் நம்ம பெல் அடிக்கிற நேரத்துக்கு வராதே! சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் அம்மாவுக்கு மாத்திரைன்னாலும் யாராவது ஒரு ஆம்பளைக்காகக் காத்திருக்கணும்.

எனக்கு ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது. அவளுக்கு ஓட்ட வராமல் இல்லை, நிப்பாட்டத்தான் முடியலை. குட்டையா இருக்கிறவங்களுக்கு ஓடுற வண்டி ஒரு பிரச்சினையே இல்லை. நிக்கிற வண்டிதான் பிரச்சினை. இது புரிஞ்சா கம்பெனிச் சண்டையில பாதி முடிஞ்சுரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். எல்லாரும் முதல்ல பார்க்கிறது சீட் உயரம். நானும் கணக்கெடுத்தேன். டிவிஎஸ் ஜெஸ்ட் 760 மி.மீ. ஆக்டிவா 765ஐ ஒட்டி. அக்சஸ் 773. யமஹா ஃபசினோ 780. 2005ல வந்து பொம்பளைப் பிள்ளைங்க வண்டின்னே பேர் வாங்கின ஸ்கூட்டி பெப் பிளஸ் 768. பார்த்தீங்களா, மொத்த வித்தியாசமே ரெண்டு செ.மீ.தான்! செருப்பை மாத்தினா சரியாப் போற அளவு.

அப்போ எது வித்தியாசம்? சீட்டோட அகலம். முன்பக்கம் சீட் அகலமா இருந்தா தொடை விரிஞ்சு, காலோட நீளத்துல கொஞ்சம் அங்கேயே செலவாகிடும். அடுத்து, கால் வைக்கிற பலகை. அது வெளியே துருத்திட்டு இருந்தா காலை அதைச் சுத்தித்தான் தரைக்குக் கொண்டுபோகணும். இந்த ரெண்டையும் எந்த நோட்டீஸ்லயும் போட மாட்டாங்க. உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்.

மூணாவது எடை. பெப் பிளஸ் 95 கிலோ. ஃபசினோ 125 சிசியா இருந்தும் 99 கிலோதான். ஜெஸ்ட் 103. ஆக்டிவா, அக்சஸ் எல்லாம் 105ஐ ஒட்டி. மின்சார வண்டிகள்ல பெரும்பாலானவை 110ஐத் தாண்டிரும். ஆனா சிலதுல ரிவர்ஸ் வசதி இருக்கு, குட்டை ஆளுக்கு அது பெரிய வரம். நுனிக்கால்ல நிக்கிறவங்களுக்கு வண்டி நேரா நிக்கும்போது எடை தெரியாது. கொஞ்சம் சாய்ஞ்சுட்டா ஒவ்வொரு கிலோவும் கணக்குதான்.

அப்போ இருக்கிறதுலயே லேசான வண்டியை எடுத்துட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அங்கதான் நம்ம ஊர்க் காத்து வருது. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து குத்தாலத்துக்குச் சாரலைக் கொடுத்துட்டு நம்ம பக்கம் சும்மா வராது. கடையநல்லூர்ல இருந்து தென்காசிக்குப் போற ரோட்டுல வயக்காட்டுப் பக்கம் வந்ததும் வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும். கூடவே கேரளா போற லாரி ஒண்ணு ஒரசுற மாதிரி கடந்துபோனா கேக்கவே வேண்டாம். ரொம்ப லேசான வண்டி அதுல ஆடும். ரோட்டுப் பள்ளத்துக்கு ஜூபிடர் மாதிரி ரெண்டு பக்கமும் 12 அங்குலச் சக்கரம் இருக்கிறது நல்லது. ஜெஸ்ட்டுக்கும் பெப் பிளஸ்ஸுக்கும் 10 அங்குலம்தான். ஆக, ஒண்ணு கிடைச்சா ஒண்ணை விடணும். தெருவுக்குள்ள பள்ளிக்கூடம், கடைத்தெருன்னு போறவங்களுக்கு லேசு. தினமும் மெயின் ரோட்டுல தென்காசி போய் வர்றவங்களுக்குக் கொஞ்சம் கனம்.

மாப்பிள்ளைக்கு இதைப் புரிய வைக்க எனக்கு உதவினது, அவரே முன்னாடி சொன்ன ஒரு கதை. அங்கே பாலைவனத்துல ஓட்டுற நாலு சக்கர பைக்கை, ஏடிவின்னு சொல்லுவாங்களே, வாடகைக்கு விடுறவன் இவங்க கூடப்போன பையனை மேலும் கீழும் பார்த்துட்டுத்தான் வண்டியையே காட்டினானாம். அமெரிக்காவுல அதுக்கு முறையே இருக்கு. கால் வைக்கிற இடத்துல எழுந்து நின்னா சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல 3 முதல் 6 அங்குலம் இடைவெளி வேணும். முழங்கை மடங்கின வாக்குல கை ஹேண்டில்பாரைப் பிடிக்கணும். விரல் பிரேக்கை எட்டணும். இல்லைன்னா அது உனக்கான வண்டி இல்லை, கம்பெனி எதுவா இருந்தாலும். "பையனுக்கு அளவு பார்த்தாங்க, உங்க பொண்டாட்டிக்குப் பார்க்க வேண்டாமா?"ன்னு கேட்டேன். மனுஷன் சிரிச்சுட்டு, "சரி மச்சான், அவளே பார்த்து எடுக்கட்டும்"னுட்டார்.

தென்காசியில ஷோரூம் ஷோரூமா ஏறினோம். நான் ஓரமா நின்னுக்கிட்டேன். தங்கச்சி பார்த்தது இவ்வளவுதான்:

1. சீட்டோட முன்நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தா ரெண்டு முன்பாதமும், இல்லைன்னா ஒரு பாதமாவது முழுசா தரையில படுதா?

2. உட்கார்ந்தபடியே காலால உந்தி வண்டியைப் பின்னாடி தள்ள முடியுதா? நம்ம தெரு அகலத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

3. யாரும் கை கொடுக்காம சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுக்க முடியுதா?

4. ஹேண்டில்பாரை முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது தூரத்துக் கை நழுவுதா? பிரேக்குக்கு விரல் மடங்குதா?

5. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ச்சுட்டுத் தானா நிமிர்த்த முடியுதா?

ஒரு கடையில விற்பனைப் பையன், "மேடம், பழகினா சரியாயிடும்"னு சொன்னான். தங்கச்சி திரும்பி, "தம்பி, பழகினா கால் நீளுமா?"ன்னு கேட்டா பாருங்க! மூணு வருஷம் வாயே திறக்காதவ :-)

கடைசியில ஜெஸ்ட் எடுத்தா. அஞ்சு கேள்விக்கும் அவளுக்கு ஆமான்னு பதில் சொன்னது அதுதான். உங்க வீட்டு ஆளுக்கு ஃபசினோவோ ஆக்டிவாவோ சரியா வரலாம். எடுத்த பிறகு சீட் தைக்கிற கடையில முன்பக்கப் பஞ்சை ஒரு செ.மீ. சீவி, ஓரத்தை ஒடுக்கித் தரச் சொன்னோம். அந்த ஒரு செ.மீ. கம்பெனிக்காரன் கொடுத்ததைவிடப் பெருசா உதவிச்சு. ஷாக் அப்சார்பரை மாத்தி வண்டியைத் தாழ்த்தலாம்னு ஒரு மெக்கானிக் சொன்னார், நாங்க ஒத்துக்கலை. வேகத்தடையில அடி தட்டும், திருப்பத்துல பிடிமானம் மாறும்.

2018 பிப்ரவரியில அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். வேலைக்குப் போற பெண்களுக்கு 125 சிசி வரைக்கும் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். இப்போ அது இல்லை. அந்த விதிமுறையில வயசு கேட்டாங்க, வருமானம் கேட்டாங்க, லைசென்ஸ் கேட்டாங்க. கால் எட்டுதான்னு கேட்கிற கட்டம் மட்டும் இல்லை. அது அரசாங்கம் கேட்க வேண்டிய கேள்வி இல்லைதான், வீட்ல இருக்கிற நாம கேட்கணும். வண்டி ஓட்ட பயப்படுறான்னு நாம முத்திரை குத்தி வச்சிருக்கிற எத்தனை பேர், உண்மையில அளவு தப்பான வண்டியில ஏத்தப்பட்டவங்களோ?

போன வாரம் அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. நான் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே வர்றதுக்குள்ள அவ வாங்கிட்டே வந்துட்டா.

டிஸ்கி: எந்தக் கம்பெனிக்காரனும் எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரலை. பெரியப்பா மட்டும், "நான்தான் அன்னைக்கே டிவிஎஸ்னு சொன்னேன்லா"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறார்.