மழை ஊரில் ஒரு மேடுபள்ளச் சுவர்

தைப்பிங் போகிறேன் என்றாலே "குடை எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இன்று மழை வருமா, வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டிய ஊர் அது. ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880இல் ஏரிப் பூங்காவாக மாற்றிய ஊரும் அதுதான்.

போன மாத நீண்ட விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து ரயிலேறினேன். ஏரியைப் பார்க்க அல்ல. எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரைச் சுரண்ட. அப்பா இளவயதில் சிமெண்டை அள்ளி வீசி, கரணையால் லேசாக அழுத்தித் தானே செய்த மேடுபள்ளச் சுவர் அது. ஈரத்தில் பள்ளமெல்லாம் கரும்பூஞ்சை. "சமமாக்கிடலாம்ப்பா, துடைக்கச் சுலபம்" என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அப்பா பதில் சொல்லவில்லை.

வீட்டில் அவர் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் நாள் முழுக்கப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

சுரண்டவில்லை. சாயம் பூசினோம். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வானொலியில் பேசியே பிழைக்கிறவள், மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாள், உலர்ந்த பிரஷால் தூசு தட்டல். பிறகு ஜன்னல்களைத் திறந்து வைத்து, பிளீச் கலந்த நீரால் பூஞ்சையைத் தேய்த்து, நல்ல நீரால் கழுவினேன். இரவெல்லாம் காற்றாடி ஓடியது. "ஈரத்து மேல அடிச்சா உரிஞ்சிடும், அவசரப்படாதே" என்றார். மறுநாளும் மழை. காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலை சீலர், மதியம் சாயம். முதலில் பள்ளங்கள்: கெட்டி மயிர் பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்தி. அதன் பிறகே மேடுகள், நீண்ட இழை ரோலரால். சமச் சுவரைவிட இதற்குச் சாயம் கூடுதலாகவே செலவாகிறது; ஒவ்வொரு பள்ளமும் தன் பங்கைக் கேட்கிறது. ஆனாலும் மெல்லிய பூச்சாக இரண்டு தடவைதான் அடிக்கவேண்டும். கனமாக அடித்தால் பள்ளம் நிரம்பி, சுவர் தன் முகத்தை இழந்துவிடும்.

முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். "டார்ச்சை எடு" என்றார். "நேரா அடிக்காதே. சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல பிடி."

பிடித்தேன். விட்டுப்போன குழிகள் ஒவ்வொன்றாக நிழலில் எழுந்து நின்றன. அத்தனையையும் அவர் இடது கை விரலால் சுட்ட, நான் நிரப்பினேன்.

வெளியே மறுபடியும் மழை. அப்பா சுவரை நீண்ட நேரம் பார்த்தார்.

"பரவாயில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மெல்லிசா அடிக்கணும்மா."

அடுத்த தடவை என்றாரே, அது போதும் எனக்கு.