கட்டபொம்மன் குரலைச் சுமந்த வால்வு செட்டு!

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கரிசல் காடுதான். மழைக்காலத்தில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பச்சை கட்டி நிற்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மறைக்க மலை இல்லாத வெளி. ஓர் ஊரில் ரேடியோ கட்டினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஓட்டப்பிடாரத்தைத் தாண்டினால் பாஞ்சாலங்குறிச்சி.

1799-ல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை மறுபடியும் எழுப்பிய கோட்டையை 1801-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். இன்று நாம் பார்ப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அருகில் பழைய கோட்டையின் அடித்தளமும் வீரசக்கதேவி கோயிலும் இருக்கின்றன.

கோட்டை போனாலும் குரல் திரும்பி வந்தது. 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் வெளியானது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என எங்கே ரேடியோ கட்டினாலும் சிவாஜி கணேசனின் வசன இசைத்தட்டு முழங்கியது. அந்தக் குரலைப் பெருக்கி, குழாய் வழியாகக் காடு கரையெல்லாம் அனுப்பியது வால்வு ஆம்ப்ளிஃபயர்.

லண்டனிலும் அதே கதை

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். உள்ளே ஓர் இழை தணல்போல் ஒளிரும். சின்ன மின்குறிப்பைக் கொடுத்தால் பெரிதாக்கித் தரும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ஓய்ந்தது. கிட்டார் கலைஞர்கள் மட்டும் அதை விடவில்லை.

1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில், அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டைப் பார்த்து ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். பாகங்களை உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சத்தம் வேறாகிவிட்டது. ராக் இசையின் அடையாளமாகவும் ஆனது.

எதைப் பழசாக வாங்கலாம்?

பழைய பாணியில் ஆம்ப்ளிஃபயர் செய்ய விரும்பும் இளைஞர்கள் முதலில் வால்வைத்தான் தேடுவார்கள். அது இன்றும் ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனாவிலிருந்து புதிதாகவே வருகிறது. உண்மையில் கவனம் வேண்டியது மற்ற பாகங்களில்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: வால்வு தருவது அதிக வோல்ட், குறைந்த கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியதோ நேர்மாறு. பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றித் தருவதுபோல் நடுவே நிற்பது இதுதான். நல்ல இரும்புத் தகடும் நேர்த்தியான சுற்றும் இருந்தால் பழசையே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மெயின் டிரான்ஸ்ஃபார்மர்: கிராமத்து லைனில் வோல்ட் ஏறி இறங்கும். 210, 230, 250 என்று தனித்தனி இணைப்புள்ளதாக வாங்குவது நல்லது.

கப்பாசிட்டர்: இதில் மட்டும் பழைய பொருள் மேல் ஆசை கூடாது. பழைய காகிதக் கப்பாசிட்டர் கசியும். கசிந்தால் தேவையில்லாத வோல்ட் அடுத்த வால்வுக்குப் போய், அதன் உலோகத் தகடு செக்கச்செவேலென்று சிவந்து பாழாகும். 600 வோல்ட் தாங்கும் புதிய பிலிம் வகையே பாதுகாப்பு. பவர் சப்ளையில் உள்ள பெரிய கப்பாசிட்டர், சூட்டில் உலர்ந்துபோகும். கரிசல் வெயிலோடு வால்வின் சூடும் சேர்வதால், 105 டிகிரி தாங்குவதாகப் பார்த்து வாங்கி, வால்வைவிட்டுத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

ஸ்பீக்கர்: குழாய்க்குப் பேச்சுக்குரல் நன்றாக எடுபடும். சிவாஜியின் வசனம் தூரத்திலும் தெளிவாகக் கேட்டது அதனால்தான். கிட்டாருக்குக் குழாய் ஒத்துவராது. காகிதக் கூம்பு வைத்த 12 அங்குல ஸ்பீக்கர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பின்னும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கி உயிரைப் பறிக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. குழாய்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. பரணில் தூங்கும் பழைய செட்டுகள் செம்புக்காக எடைக்குப் போகின்றன. அப்படி உடைபடுவதில் திரும்பச் செய்யக் கடினமானது, அந்தக் காலத்து ஆட்கள் கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்தான். உங்கள் வீட்டிலோ தெரிந்த மைக் செட்டுக்காரரிடமோ அப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கட்டபொம்மனை முழங்க வைத்த அதே பெட்டி, உங்கள் பேரப்பிள்ளையின் கிட்டாருக்கும் குரல் கொடுக்கலாம்.