குளிர்காலம் காணாத கொடி: நாசிக்கின் ஒயின் தோட்டங்களில்

மும்பையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், கசாரா மலைப்பாதை ஏறி இகத்புரியைக் கடந்தபின் தக்காணப் பீடபூமி விரியத் தொடங்கும் இடத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் நாசிக், நெடுங்காலம் தீர்த்தத் தலமாகவே அறியப்பட்டு வந்த நகரம். கோதாவரி உற்பத்தியாகும் திரியம்பகமும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சிம்மஸ்த கும்பமேளா கூடும் ராம்குண்டப் படித்துறையும் அதன் பழைய அடையாளங்கள். கங்காப்பூர் அணையைச் சுற்றியும் திண்டோரி, நிஃபாட் வட்டங்களிலும் பரவியுள்ள ஒயின் திராட்சைத் தோட்டங்கள் அதன் புதிய அடையாளம். வார இறுதியில் மும்பையிலிருந்து புறப்படும் ரயிலில், நீராடப் போகும் குடும்பமும் ஒயின் சுவைக்கப் போகும் இளைஞர் குழுவும் எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்து வந்து, ஒரே நிலையத்தில் இறங்கி, வெவ்வேறு திசைகளில் ஆட்டோ பிடிப்பது இன்று அங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. கங்காப்பூர் அணையும் கோதாவரியின் குறுக்கே கட்டப்பட்டதுதான் என்பதால், இரு சாராரும் ஒரே ஆற்றை நாடித்தான் வருகிறார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒயின் திராட்சை சிறப்பாக விளையும் நிலப்பகுதிகள், நிலநடுக்கோட்டின் இருபுறமும் 30 முதல் 50 பாகை வரையிலான இரண்டு பட்டைகளுக்குள் அடங்குவதாக நூல்கள் கூறும். நாசிக்கோ 20 பாகை வட அகலாங்கில், அதாவது அந்தப் பட்டைக்கு வெகுதெற்கே கிடக்கிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் இலையுதிர் காலம் வந்ததும் கொடி இலைகளை உதிர்த்து உறங்கிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் மொட்டுகள் மூடிக் கிடந்து, வசந்தத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழித்துத் துளிர்க்கின்றன. கோடையில் காய்த்து, செப்டம்பர் வாக்கில் அறுவடைக்கு வருகின்றன. வெப்பநாட்டில் கொடியை உறங்கவைக்கும் குளிர் கிடையாது. தன்போக்கில் விட்டால் அது ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே போகும். நுனியில் துளிரும் நடுவில் காயும் அடியில் வெறுங்கிளையுமாக நிற்கும் அத்தகைய கொடியிலிருந்து, ஒரே நாளில் ஒரே பக்குவத்தில் பழம் பறிப்பது இயலாது. ஒயினுக்கு அந்த ஒருமித்த பக்குவம் இன்றியமையாதது. ஆகவே நாசிக்கின் ஒயினைப் பற்றிய எந்தப் பேச்சும் சுவைக்கூடத்தின் கண்ணாடிக் கோப்பையிலிருந்து தொடங்குவதைவிட, கவாத்துக் கத்தரியிலிருந்து தொடங்குவதே முறை.

கவாத்து என்பது கிளைகளைக் கணக்கறிந்து வெட்டிவிடுதல். நாசிக்கில் இது ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது. அறுவடை முடிந்து ஏப்ரலில் செய்யப்படும் முதல் கவாத்தை மராட்டிய விவசாயிகள் ‘கரட் சாட்ணி’ என்பர். அப்போது கிளைகள் ஏறத்தாழ அடியோடு வெட்டப்பட்டு, கம்பியில் படரவிடப்பட்ட தண்டும் அதன்மேல் ஒற்றை மொட்டுள்ள குச்சிகளுமே எஞ்சுகின்றன. கடும் வெயிலில் அந்த மொட்டுகளிலிருந்து புதுக்கிளைகள் எழுகின்றன; அவற்றின் கணுக்களில் உருவாகும் மொட்டுகளுள் எது பூங்கொத்தைத் தாங்கும், எது வெறும் இலையாக நின்றுவிடும் என்பது இந்தக் கோடை வெளிச்சத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கிளைகளில் தப்பித் தவறிக் கொத்து வந்தாலும் விவசாயி அதைக் கிள்ளி எறிந்துவிடுவார். ஏனெனில் அது பழுக்கும் காலம் தென்மேற்குப் பருவமழையின் நடுவில் விழும், மழையில் நனைந்த பழம் வெடித்து அழுகும். மழைக்காலம் முழுவதும் கொடி மரத்தன்மை பெற்று முற்றிக் காத்திருக்கிறது. மழை ஓயும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ ‘கோடி சாட்ணி’ என்னும் இரண்டாம் கவாத்து நடக்கிறது. பழம் தருவது இதுவே.

இந்த இரண்டாம் கவாத்தை அருகிலிருந்து பார்ப்பவருக்கு அதன் நுட்பம் புலப்படும். முற்றிய கிளையைக் கொத்து தாங்கும் மொட்டு இருக்கும் கணுவரை விட்டு, மேலே உள்ளதை வெட்டி, மீந்த இலைகளையும் உருவிவிட்டபின், தொழிலாளர்கள் கையுறை அணிந்து, மருந்தில் நனைத்த துணியால் ஒவ்வொரு மொட்டையும் தொட்டுக்கொண்டே வரிசை வரிசையாக நகர்கிறார்கள். ஹைட்ரஜன் சயனமைடு என்னும் அந்த மருந்து மொட்டின் உறக்கத்தைக் கலைத்து, எல்லா மொட்டுகளையும் ஒருசேர விழிக்கச் செய்வது. தோலில் பட்டால் புண்ணாக்கும் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை ஒப்புக்கு அணிவதன்று. ஐரோப்பாவில் இயற்கை பல மாதக் குளிரால் செய்யும் வேலையை இங்கே கத்தரியும் துணியும் சில நாட்களில் செய்து முடிக்கின்றன. வரிசை ஒன்றில் ஆயிரக்கணக்கான மொட்டுகள். ஒவ்வொன்றையும் மனிதக் கை தொட்டாக வேண்டும். ஒயின் விலையைக் கண்டு புருவம் உயர்த்துவோர் கணக்கில் சேர்க்க மறப்பது இந்தக் கூலியைத்தான்.

அதன்பின் நவம்பரில் பூப்பிடித்து, டிசம்பரில் காய் திரண்டு, ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் நிலவும் பருவம் அது. நிஃபாட் பகுதியில் இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. பகல் வெப்பம் சர்க்கரையைச் சேர்க்க, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. கொடி உறங்க உதவாத இந்தக் குளிர், பழம் பழுக்க உதவுவது நாசிக்கின் நற்பேறு. ஆனால் பூக்கும் காலத்தில் பருவம் தவறி ஒரு மழை பெய்தால் போதும்: இலையின் அடிப்புறத்தில் வெண்பூசணம் படரும் அடிச்சாம்பல் நோய் சில நாட்களில் தோட்டத்தையே சூறையாடிவிடும்.

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. தேனி மாவட்டத்தில் பந்தலில் படரும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனமே. அதுவும் கவாத்துக்குக் கட்டுப்பட்டே காய்க்கிறது. வேறுபாடு என்னவென்றால், நாசிக்கின் பெருமழை ஆண்டை இரண்டாகப் பிளந்து ஒரே மகசூலை அனுமதிக்க, கம்பத்தில் கவாத்துக் காலத்தை மாற்றி மாற்றி வைத்து ஆண்டுக்கு இருமுறையாவது பறிக்கிறார்கள். சந்தையில் விற்கும் பழத்துக்கு அது ஆதாயம். ஒயினுக்கு, கொடி நிதானமாக முற்றும் ஒற்றை மகசூலே உகந்தது.

நாசிக்கிலும் உண்ணும் திராட்சையே பெரும்பயிர். விதையற்ற தாம்சன் வகையும் அதன் கிளைவகைகளும் பல்லாண்டுகளாக இங்கே விளைந்து, பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஐரோப்பாவரை ஏற்றுமதியாகின்றன. ஒயினுக்குப் போவது மொத்த விளைச்சலில் மிகச் சிறு பங்கே. நவீன இந்திய ஒயின் தொழிலும் நாசிக்கில் பிறந்ததன்று. 1980களில் புனே மாவட்டத்து நாராயண்காவில் சாம்ராவ் சௌகுலே நுரைக்கும் ஒயின் தயாரிக்கத் தொடங்கினார். கன்வல் குரோவர் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சு இனங்களை நட்டார். நாசிக்கின் முறை வந்தது, ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் பயின்று ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், கங்காப்பூர் அணைக்கு அருகிலிருந்த குடும்ப நிலத்தில் 1990களின் பிற்பகுதியில் சாவிஞான் பிளாங், ஷெனின் பிளாங் என்னும் இரு வெள்ளை இனங்களை நட்டபோதுதான். தாய் சுலபாவின் பெயரைச் சுருக்கிச் ‘சூலா’ எனப் பெயரிடப்பட்ட அந்த நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வெளிவந்தது. மறு ஆண்டே மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, வரிச்சலுகை அளித்து, விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. அந்த உற்சாகத்தில் ஒயின் திராட்சைக்கு மாறிய விவசாயிகளில் பலர், 2008ஐ ஒட்டிய மந்தநிலையில் வாங்குவாரின்றிக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் உண்ணும் திராட்சைக்கே திரும்ப நேர்ந்தது. ஒயின் திராட்சை சிறியது, விதை நிறைந்தது, தோல் தடித்தது. ஆலைக்காரர் வாங்காவிட்டால் அதைத் தள்ளுவண்டியில் வைத்துக்கூட விற்க முடியாது.

பயணிகள் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருகிறார்கள். தோட்டங்களில் பறிப்பு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறியபின் பறித்த பழம் கூடையிலேயே நொதிக்கத் தொடங்கும் என்பதே காரணம். பறிக்கும் நாளைக் குறிப்பதற்குச் சிறு குழல்போன்ற ஒளிவிலகல்மானி ஒன்று பயன்படுகிறது. ஒரு பழத்தை நசுக்கி அதன் சாற்றில் ஒரு துளியைக் கருவியின் கண்ணாடிமேல் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு ஒரு எண்ணின்மேல் நிற்கும். அந்த எண் ‘பிரிக்ஸ்’ எனப்படும். நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை உள்ளது என்பதைக் காட்டுவது. அது 22ஐத் தொட்டால், நொதித்தபின் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட சாராயச் சத்துள்ள ஒயின் கிடைக்கும். எனினும் அனுபவமுள்ள தோட்டக்காரர் கருவியோடு நிற்பதில்லை. பழத்தைப் பிதுக்கி விதையைப் பார்க்கிறார். பச்சையாக இருந்தால் பறிப்பைத் தள்ளிவைக்கிறார், பழுப்பாக இருந்தால் கடித்துப் பார்க்கிறார். முற்றிய விதை கொட்டைப் பருப்பைப்போல் நொறுங்கும், முற்றாதது நாக்கைத் துவரச் செய்யும்.

ஆலைக்குள் நுழைந்தபின் வெள்ளையும் சிவப்பும் பிரிகின்றன. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுத்து, குளிரூட்டப்பட்ட எஃகுத் தொட்டிகளில் 15 டிகிரி செல்சியஸ் அளவில் மெல்ல நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க வைக்கிறார்கள், ஏனெனில் நிறம் தோலிலும், துவர்ப்பு தோலிலும் விதையிலும் தங்கியுள்ளன. திண்டோரியில் பிரெஞ்சு நிறுவனமான ஷாண்டோன் தயாரிக்கும் நுரை ஒயினில் புட்டிக்குள்ளேயே இரண்டாம் நொதிப்பு நிகழ்ந்து, வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினில் கரைந்து நுரையாகிறது. புட்டிகள் அடுக்கிய இருண்ட அறைகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் விவரங்களில் பாதி எந்த நாட்டு ஆலைக்கும் பொருந்துபவை; வெளியே நிற்கும் கொடியைப் பற்றி, கவாத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சொற்பமே.

சுவைத்தலுக்கு ஒரு முறைமை உண்டு. கோப்பையின் தண்டைப் பிடித்து, வெண்தாளின்மேல் சாய்த்து நிறம் பார்த்து, மெல்லச் சுழற்றி மணம் எழச்செய்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாவெங்கும் பரவவிட்டு, விழுங்கவோ பக்கத்திலுள்ள பாத்திரத்தில் உமிழவோ செய்வது அது. இந்தச் சடங்கைப் பகட்டு என்று ஒதுக்குவோரும், அதில் மூழ்கிக் கோப்பைக்குள் காடும் மலையும் காண்போரும் நாசிக்கில் ஒரே மேசையில் கிடைப்பார்கள். நடுவுநிலையில் நின்று பார்த்தால், இந்த மண்ணின் வலிமை வெள்ளையிலும் நுரையிலுமே உள்ளது எனலாம். ஷெனின் பிளாங் வெப்பத்திலும் புளிப்பை எளிதில் இழக்காத இனம். நுரை ஒயினுக்கான பழமோ முழுதும் இனிப்பதற்கு முன்பே பறிக்கப்படுவதால் புளிப்பு மிஞ்சுகிறது. சிவப்பில், சர்க்கரை விரைந்து ஏற, தோலின் துவர்ப்பு முதிர்வதற்குள் பறிக்க நேரிடுவதால், சாராயத்தின் காரமும் பச்சைத் துவர்ப்பும் முந்தி நிற்கும் புட்டிகள் இன்னும் மிகுதி. ஷிராஸ் வகையில் சில நன்றாக வந்திருப்பது உண்மை. ஆயினும், பிரான்சின் போர்தோ ஒயினுக்குரிய அளவுகோலைக் கொண்டுவந்து இங்கே அளப்பவர், கொடியின் காலண்டர் வேறு என்பதை மறந்தவரே.

மதுவிலக்கை அரசின் நெறியாகக் கூறும் 47ஆம் பிரிவைக் கொண்ட அரசியலமைப்பின் கீழ், ஒரு மாநிலம் ஒயினை வேளாண் விளைபொருளாகப் போற்றுவதில் ஒரு சங்கடம் உள்ளது. 2022 ஜனவரியில் பெருங்கடைகளிலும் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது, விவசாயி வருமானம் என்ற வாதத்தை எதிர்த்து சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே உட்படப் பலர் குரல் எழுப்பினர். குடியால் சிதைந்த வீடுகளைக் கண்டவர்களின் அந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது, நேர்மையன்று.

சுவைக்கூடங்களில் பாலாடைக்கட்டியும் ஆலிவும் பரிமாறப்படுகின்றன. ஆனால் நாசிக்கின் ஒயினுக்குத் தக்க துணை நகரின் தெருக்களிலேயே இருக்கிறது. முளைகட்டிய பயறைக் காரக்குழம்பில் வேகவைத்து, மேலே மிக்சரும் நறுக்கிய வெங்காயமும் தூவி, எலுமிச்சையும் பாவ் ரொட்டியும் வைத்துத் தரும் மிசல், இவ்வூர் காலையுணவின் பெருமிதம். ஷெனினின் மெல்லிய இனிப்பு மிளகாயின் எரிச்சலைத் தணிக்க, அதன் புளிப்பு எண்ணெயை நாவிலிருந்து கழுவிச் செல்கிறது. சிவப்பின் துவர்ப்போ காரத்தோடு சேர்ந்து வாயை உலர்த்திவிடும். ஆகவே மதிய உணவாக மிசலை வரவழைத்துக்கொள்பவர் குளிர்ந்த வெள்ளையையே கேட்டு வாங்குவது நல்லது, பாவோடு தயிரும் தந்தால் மறுக்க வேண்டியதில்லை.